லெதர் சீட்டில் கறையா? எந்தக் கறைக்கு என்ன செய்வது, எங்கே நிறுத்துவது

கார் சீட்டில் ஏதாவது கொட்டியதும் எல்லோரும் செல்லை எடுத்துத் தேடுகிறோம். எலுமிச்சை தேய், பேஸ்ட் தேய், சமையல் சோடா போடு, பாத்திரம் கழுவும் லிக்விடை ஊற்று என்று வரிசையாக வந்து விழும். தயவுசெய்து எதையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். நான் பார்த்த வரையில் பாழான லெதர் சீட்டுகளில் பாதிக்கு மேல் கறையால் பாழானவை இல்லை, கறையை எடுக்கப் போட்டதால் பாழானவை.

காரணம் இதுதான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வேலையில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: கார் சீட்டுக்குப் போகிற தோல் பெரும்பாலும் வெறும் தோலாகப் போவதில்லை. பதனிட்ட தோலின் மேல் கலர் அடித்து, அதற்கும் மேல் பாலியூரித்தேன் பூச்சு ஒன்றை மெல்லியதாக ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். காபி விழுவதும் அழுக்குச் சேர்வதும் அந்தப் பூச்சின் மேல்தான். அது முழுசாக இருக்கும்வரை பெரும்பாலான கறைகள் பெரிய விஷயமில்லை. அதைச் சுரண்டிவிட்டால் அடுத்த சொட்டு நேராகக் கலருக்குள்ளும் தோலுக்குள்ளும் இறங்கும், அப்புறம் துடைத்து எடுக்கும் வேலையே கிடையாது. அதனால் கீழே ஒவ்வொரு கறைக்கும் எப்படி எடுப்பது என்பதோடு எங்கே கையை நிறுத்துவது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் சீட் என்ன ஜாதி என்று பாருங்கள்

கண்ணில் படாத இடத்தில், சீட்டின் பக்கவாட்டில் கீழே, ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்து மாதிரி அப்படியே நின்றால் பூச்சு இருக்கிறது, தைரியமாக வேலை பார்க்கலாம். உறிஞ்சிக் கருத்துப்போனால் பூச்சில்லாத தோல், அல்லது பூச்சுத் தேய்ந்துபோன தோல். அதில் இங்கே சொல்கிற திரவங்கள் எதையும் நேராகப் போட வேண்டாம், ஆளைக் கூப்பிடுவது நல்லது. இன்னொன்று, நம் ஊரில் 'லெதர் சீட்' என்று விற்கிறதில் நிறைய முழுக்க ரெக்ஸின்தான், அல்லது உட்காரும் நடுப்பகுதி மட்டும் தோல், பக்கங்களும் பின்பக்கமும் ரெக்ஸின். விரலால் லேசாக அழுத்துங்கள்: அசல் தோலில் விரலைச் சுற்றிச் சின்னச் சின்னச் சுருக்கம் ஓடும், ரெக்ஸின் அப்படியே குழிந்து எழும்பும். ரெக்ஸின் ஆனாலும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். அதற்கு, தோலை மிருதுவாக வைக்கப் பூசுகிற லெதர் கண்டிஷனர் வாங்கிக் காசைக் கொட்டத் தேவையில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வேண்டிய சாமான் கொஞ்சம்தான். வெள்ளை மைக்ரோஃபைபர் துணி நாலைந்து (வெள்ளை ஏன் என்பது கீழே வரும்), மிருதுவான பிரஷ் ஒன்று, லெதருக்கென்றே விற்கிற கிளீனர் ஒரு பாட்டில். கிளீனர் கைவசம் இல்லையென்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் பேபி ஷாம்பு. அதைக் கலக்கி, மேலே நிற்கிற நுரையை மட்டும் எடுக்க வேண்டும், தண்ணீரை இல்லை. துணி சோப்பு, சோப்புத்தூள், சமையல் சோடா எல்லாம் காரம். பதனிட்ட தோல் இயல்பிலேயே கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள பொருள். ஒரு தடவை போட்டால் ஒன்றும் தெரியாது, பழக்கமாகப் போட்டால் தோல் விறைத்து வெடிக்கும்.

எந்தக் கறையானாலும் முதல் வேலை ஒற்றி எடுப்பது. தேய்க்காதீர்கள். வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றிக்கொண்டே வந்தால் கறை பரவாது.

காபி, டீ கொட்டி பிசுபிசுக்கிறது

சுலபமான கேஸ். ஈரமாக இருக்கும்போதே ஒற்றிவிட்டு, பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு மூன்று தடவை துடைத்தாலே பூச்சுள்ள சீட்டில் கறை தங்காது. வெந்நீர் வேண்டாம். நம் காபியில் பாதி பால்தான், சூடு பட்டால் பாலின் புரதம் இறுகி ஒட்டிக்கொள்ளும். காய்ந்து பழுப்பு வளையமாக நிற்கிறதென்றால் அந்த நுரையைப் பிரஷில் எடுத்து வட்டமாக, மெதுவாக, அழுத்தாமல் ஓட்டுங்கள். வளையத்தின் மேல் மட்டும் ஓட்டினால் அங்கே மட்டும் பளிச்சென்று சுத்தமாகி இன்னொரு வளையம் தெரியும். ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை அந்தத் துண்டு முழுவதையும் துடைத்துவிடுங்கள்.

கரும்புச்சாறு, பானகம், கலர் சோடா எல்லாம் இதே கணக்கு. சர்க்கரை காய்ந்து தையலுக்குள் உட்கார்ந்திருக்கும், அங்கே ஈரத்துணியை ஒரு நிமிடம் வைத்து ஊறவிட்டு அப்புறம் பிரஷ் போடுங்கள். இளநீரைப் பொறுத்தவரை தண்ணீர்தானே என்று விட்டுவிடாதீர்கள், வெள்ளைத் துணியில் அது என்ன கறை வைக்கும் என்று வீட்டில் தெரியாதவர்கள் இல்லை. வெளிர் நிற சீட்டென்றால் உடனே துடைத்துவிடுங்கள்.

சாம்பார் கொட்டியது, துடைத்தால் மஞ்சள் போகவில்லை. சோப்புப் போட்டதும் சிவப்பாகிவிட்டது

இதில்தான் நிறையப் பேர் பதறிப்போகிறார்கள். மஞ்சளில் இருக்கிற குர்குமின் காரம் பட்டால் சிவப்பாகும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்தால் குங்குமம் வருகிறதே, அதே வேலைதான் உங்கள் சீட்டிலும் நடந்திருக்கிறது. சீட் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் வெள்ளை வினிகர் ஒரு ஸ்பூன் விட்டு, அதில் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து ஒற்றினால் சிவப்பு மறுபடி மஞ்சளுக்கு வந்துவிடும். பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.

மஞ்சளை எடுப்பதற்கு முன்னால் எண்ணெயை எடுக்க வேண்டும், ஏனென்றால் சாம்பாரிலும் குழம்பிலும் மஞ்சள் எண்ணெயோடு கலந்துதான் கிடக்கிறது. கட்டியாக இருப்பதை ஸ்பூனாலோ பழைய ஏ.டி.எம். கார்டாலோ வழித்தெடுங்கள். டிஷ்யூவால் ஒற்றி, மேலே கார்ன்ஃப்ளாரோ டால்கம் பவுடரோ தூவி ஒரு மணி நேரம் விட்டால் மிச்ச எண்ணெயை அது குடித்துவிடும். அதைத் தட்டி எடுத்துவிட்டு லெதர் கிளீனர். இவ்வளவுக்குப் பிறகும் வெளிர் சீட்டில் லேசாக ஒரு மஞ்சள் நிழல் நிற்கத்தான் செய்யும்.

அந்த நிழலை எடுக்க மேற்கொண்டு எதையும் ஊற்றாதீர்கள். வெளிச்சத்துக்கு விட்டுவிடுங்கள். குர்குமின் வெளிச்சத்தில் தானாக உடையும். மஞ்சள் கறை பட்ட வேட்டியைத் துவைத்து வெயிலில் போட்டால் வெளுக்கிறதே, அது இங்கேயும் வேலை செய்யும். காலை வெயில் அந்த இடத்தில் விழுகிற மாதிரி வண்டியை நிறுத்தி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்து, ஒரு வாரம் பொறுங்கள். உச்சி வெயில் வேண்டாம். அப்போது சீட்டின் மேல்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிவிடும், கறை போவதற்குள் தோல் காய்ந்துவிடும். சன் ஃபிலிம் ஒட்டிய வண்டியென்றால் கதவைத் திறந்து வைத்தால்தான் உருப்படியான வெளிச்சம் விழும்.

பூஜை போட்டபோது குங்குமம், சந்தனம் சிந்திவிட்டது

தண்ணீர் காட்டாதீர்கள். குங்குமம் தூளாக இருக்கும்வரை அது வெறும் தூசுதான், ஈரம் பட்ட நிமிடத்தில் சாயம். வேக்குவம் கிளீனரின் முனையை சீட்டில் படாமல் சற்றே மேலே பிடித்து இழுங்கள். இல்லையென்றால் ஊதித் தள்ளிவிட்டு, செல்லோ டேப்பின் ஒட்டுகிற பக்கத்தை லேசாக வைத்து வைத்து எடுங்கள். ஒரு பொட்டுத் தூள் கூட இல்லை என்ற பிறகுதான் கிளீனர். விபூதிக்கும் இதே வழி, ஆனால் அது சாயமேற்றாது. காய்ந்த சந்தனத்தைச் சுரண்டாமல் நனைந்த துணியை மேலே போட்டு ஊறவிடுங்கள், தானாக இளகி வரும். கடைக் குங்குமம் பலதில் இப்போது செயற்கைச் சாயம்தான், அதனால் மஞ்சளுக்குச் சொன்ன வெயில் வைத்தியத்தை இதற்கு நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

பால் கொட்டி இரண்டு நாள் ஆனது, சீட் சுத்தமாகத்தான் இருக்கிறது, வண்டி நாறுகிறது

நாற்றம் மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. தையல் வழியாகவும், சீட்டும் முதுகுச் சாய்வும் சேருகிற இடுக்கு வழியாகவும் பால் ஃபோமுக்குள் இறங்கி அங்கே புளித்துக்கொண்டிருக்கிறது. மேலே எத்தனை வாசனைத் திரவியம் அடித்தாலும் இரண்டு வாசனையும் கலந்து இன்னும் குமட்டும்.

பின் சீட்டென்றால் நீங்கள் தப்பித்தீர்கள். பல கார்களில் பின் சீட்டின் உட்காரும் பகுதி க்ளிப்பில்தான் நிற்கும், முன் ஓரத்தை மேல்நோக்கி இழுத்தால் கழன்று வரும் (உங்கள் வண்டியின் கையேட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு இழுங்கள்). அதைக் கவிழ்த்துப் போட்டு, செல்லப் பிராணிகள் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கிற என்ஸைம் கிளீனரை ஃபோம் நனையுமளவு அடிப்பக்கத்திலிருந்து விடுங்கள். என்ஸைம் வேலை செய்ய ஈரமும் நேரமும் வேண்டும், ராத்திரி முழுக்க விட்டாலும் தப்பில்லை. வெந்நீர் சேர்க்காதீர்கள், முன்னால் ஃபினாயிலோ டெட்டாலோ ஊற்றியிருந்தால் அதைக் கழுவி எடுத்துவிட்டுத்தான் இது. பிறகு துணி வைத்து அழுத்தி அழுத்தி ஈரத்தை எடுத்து, நிழலில் காற்றாட முழுசாகக் காயவைத்துத்தான் திரும்ப மாட்ட வேண்டும்.

முன் சீட்டென்றால் நீங்களாகக் கழற்றவே கூடாது. பல வண்டிகளில் முன் சீட்டின் பக்கவாட்டுக்குள் ஏர்பேக் இருக்கிறது, சீட்டுக்கடியில் மஞ்சள் நிற கனெக்டர் தெரிந்தால் அதுதான். அதை ஏதாவது செய்தால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியும், வெடிக்கவும் வாய்ப்புண்டு. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடிக்கிற சென்சார் வேறு இருக்கிறது. 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் அந்தப் பக்கத்துக்கும் சீட் பெல்ட் எச்சரிக்கை கட்டாயம். அதற்குள் தண்ணீர் போனால் ஆளே இல்லாமல் கீங் கீங் என்று அடித்துக்கொண்டிருக்கும். சர்வீஸ் சென்டரில் விட்டு சீட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

குழந்தை வாந்தி எடுத்துவிட்டது

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் வால்பாறையின் 40-உம் இதற்குப் பேர்போனவை. வண்டியை ஓரங்கட்டி, குழந்தையைக் கவனித்த கையோடு சீட்டையும் பார்த்துவிடுங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். வயிற்றிலிருந்து வருவது நல்ல அமிலம், வெயிலில் அப்படியே கிடந்தால் பூச்சு மங்கிப்போகலாம். கட்டியை அட்டையால் வழித்து எடுத்து, தண்ணீர்த் துணியால் நாலைந்து தடவை ஒற்றி, தையலுக்குள் பிரஷ் விட்டு எடுங்கள். சீட் பெல்ட் உள்ளே போகிற இடத்தையும் பெல்ட் பக்கிளையும் மறக்க வேண்டாம், நாற்றம் போகவே மாட்டேன் என்கிற வண்டிகளில் பல நேரம் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஃபோமுக்குள் இறங்கியிருந்தால் பாலுக்குச் சொன்ன வழி.

காற்று வருகிற சீட், ஓட்டை ஓட்டையாக இருக்கிறது, அதில் கொட்டிவிட்டது

முதலில் சீட்டின் ஃபேனை அணையுங்கள். சில வண்டிகளில் அது காற்றைக் கீழே இழுக்கிற வகை, ஓடிக்கொண்டிருந்தால் கொட்டினதெல்லாம் நேராக மோட்டார் பக்கம் போகும். அப்புறம் உலர்ந்த துணியை வைத்துக் கையால் நன்றாக அழுத்தி அப்படியே பிடியுங்கள். துணி நனைந்ததும் அடுத்தது, அதுவும் நனைந்தால் அதற்கடுத்தது. இந்த சீட்டில் எதையும் நேராக ஸ்ப்ரே செய்யக் கூடாது, எல்லாமே துணியில் எடுத்துத்தான். ஓட்டைக்குள் உறைந்த சர்க்கரையை ஊசியால் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகும். ஈரப் பிரஷை நெட்டுக்குத்தாகப் பிடித்து மெதுவாகக் குத்தி எடுத்து, உடனே வேக்குவம் போடுங்கள். மேற்பரப்பு நன்றாகக் காய்ந்த பிறகு ஃபேனை ஓட்டி உள்ளே இருக்கிற ஈரத்தைக் காயவிடலாம். ஸ்டீம் அடித்துத் தருகிறேன் என்று வாட்டர் வாஷ் கடையில் சொன்னால் இந்த சீட்டுக்கு வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பேனா கோடு, பேனா கசிவு

பால்பாயின்ட் மைதான் இருக்கிற கறைகளிலேயே கெட்டியானது. அது எண்ணெயில் கரைந்த சாயம், பூச்சுக்குள்ளேயே ஊறி இறங்கிவிடும். பட்டுப் பத்து நிமிடத்துக்குள் என்றால் நிலைமை கையில் இருக்கிறது, ஒரு மாதமான கோடென்றால் முழுசாகப் போகும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஜெல் பேனா, மைப் பேனா என்றால் பெரும்பாலும் தண்ணீர் மைதான், கிளீனருக்கே வந்துவிடும். பால்பாயின்டுக்கும் முதலில் கிளீனர்தான். அசையவில்லையென்றால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அதுவும் காது குடையும் பட்ஸின் நுனியில் தொட்டு, டிஷ்யூவில் ஒரு தடவை ஒற்றி, ஈரம் இருக்கா இல்லையா என்கிற அளவில். முன்னாலேயே சீட்டுக்கடியில் ஒரு மூலையில் தொட்டுப் பார்த்துவிடுங்கள். கோட்டின் மேல் பட்ஸைத் தேய்க்காமல் உருட்ட வேண்டும். ஒரு உருட்டு, நுனியைப் பாருங்கள். நீலம் ஏறியிருந்தால் அந்தப் பக்கத்தைத் தூக்கிப் போட்டு அடுத்த நுனி. இப்படியே போகும்போது ஒரு கட்டத்தில் நுனியில் நீலத்தோடு இன்னொரு நிறமும் தெரியும்: பீஜ் சீட்டென்றால் க்ரீம், டான் சீட்டென்றால் பழுப்பு. அது உங்கள் சீட்டின் கலர். பூச்சு கரைந்து கலரைத் தொட்டுவிட்டீர்கள், அங்கேயே நிறுத்துங்கள். வெள்ளைத் துணியும் வெள்ளைப் பஞ்சும் வேண்டும் என்று சொன்னது இதைப் பார்க்கத்தான், கலர் துணியில் இது தெரியவே தெரியாது. மிச்சமிருக்கிற மங்கலான கோட்டோடு வாழலாம், கலர் போன வெள்ளைத் திட்டோடு வாழ்வதுதான் கஷ்டம்.

நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் கிட்டவே வரக் கூடாது. ரிமூவரில் அசிட்டோன் இருந்தால் ஒரே துடைப்பில் மை, பூச்சு, கலர் மூன்றும் சேர்ந்து வரும். நெயில் பாலிஷே கொட்டியிருந்தாலும் அப்படியே காயவிட்டு, ஓரத்தைக் கார்டால் நெம்பி உரித்துப் பாருங்கள், பூச்சுள்ள சீட்டில் பெரும்பாலும் உரிந்து வரும்.

வெளிர் சீட்டில் நீலச் சாயம் ஏறுகிறது

புது ஜீன்ஸ், சாயம் போகிற சுங்குடிச் சேலை, இதோடு நாமே விரிக்கிற கலர் டவல். சூடு தாங்கவில்லையென்று சீட்டில் டவல் போட்டு, அதன்மேல் வியர்த்து உட்கார்ந்து, மழையில் நனைந்து வந்தும் அதன்மேலேயே உட்கார்ந்தால் சாயம் அப்படியே அச்செடுத்து நிற்கும். செய்தித்தாள் விரிப்பதும் இதே தப்புதான். டவல் வேண்டுமென்றால் வெள்ளை டவல் போடுங்கள்.

புதுசாக ஏறிய சாயம் கிளீனர் நுரைக்கும் பிரஷுக்கும் வரும், ஆனால் ஒரே நாளில் வராது. ஒரு சுற்று போட்டு, துடைத்து, காயவிட்டு, மறுநாள் இன்னொரு சுற்று. வெள்ளையாக, பஞ்சு மாதிரி, தண்ணீர் தொட்டாலே எல்லாக் கறையும் போகும் என்று ஒரு ஸ்பான்ஜ் விற்கிறார்களே, சாயத்துக்கு அது நன்றாகவே வேலை செய்வது போலத் தெரியும். அது மெலமைன் ஃபோம், உண்மையில் மிக நுணுக்கமான உப்புத்தாள். கறையை எடுக்கவில்லை, கறை இருந்த பூச்சைச் சீவி எடுக்கிறது. அடுத்த தடவை சாயம் இன்னும் சீக்கிரம் ஏறும்.

ஹெட்ரெஸ்ட் கருத்து, பளபளவென்று, கை வைத்தால் ஒட்டுகிறது

தேங்காய் எண்ணெய். ஒரு நாள் கொட்டியதில்லை, தினமும் தலை சாய்ந்து ஏறியது. லெதர் புதுசில் பளபளக்காது, அடக்கமான மங்கல் நிறத்தில்தான் இருக்கும். பளபளப்பு வந்தாலே அது எண்ணெயும் வியர்வையும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர் சீட்டின் வெளி ஓரத்துக்கும் இதே கதை. கிளீனரைத் துணியில் எடுத்துத் துடைக்கத் துடைக்க துணி பழுப்பாகும், அது பழுப்பாவது நிற்கும்வரை போங்கள். பளபளப்பு போய் மங்கல் திரும்பிவிட்டால் ஜெயித்தீர்கள். ஒட்டுகிற அளவுக்குப் போய், நகத்தால் கீறினால் மேல்தோல் உருண்டு வருகிறதென்றால் எண்ணெய் பூச்சையே இளக்கிவிட்டது, இனி கலர் போடுகிறவரிடம்தான் போக வேண்டும். சீட் மின்ன வேண்டும் என்று தேங்காய் எண்ணெயையோ டேஷ்போர்டு பாலிஷையோ தேய்ப்பவர்கள் காசு கொடுத்து இதே வியாதியை வாங்கிக்கொள்கிறார்கள்.

சானிடைசர் சிந்தி வெளுத்த திட்டு

கழுவினால் போகாது, அது கறையே இல்லை. சானிடைசரில் ஏறக்குறைய 70 சதவீதம் ஆல்கஹால், அது பூச்சைக் கரைத்துவிட்ட இடம் அது. கொசு விரட்டும் கிரீம், ஸ்ப்ரேயில் டீட் (DEET) என்கிற ரசாயனம் இருந்தாலும் இதே சேதம் வரும். சிந்திய உடனே ஈரத்துணியால் துடைத்திருந்தால் தப்பித்திருக்கும், காய்ந்துவிட்டால் கலர்தான் வழி.

மழைக்காலம் முடிந்து கதவைத் திறந்தால் சீட்டெல்லாம் வெள்ளைப் பூஞ்சை

ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டாமல் நிறுத்திய வண்டிக்கு, அதிலும் அடித்தளப் பார்க்கிங்கில் நின்றதற்கு இது வரும். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், வண்டியை வெளியே எடுத்து நாலு கதவையும் திறங்கள், ஏ.சி.யை இப்போது போடாதீர்கள். காய்ந்த துணியில் தட்டினால் தூள் வண்டி முழுக்கப் பறக்கும், அதனால் ஈரத்துணியால் வழித்து எடுத்து, ஒவ்வொரு வழிப்புக்கும் துணியை மடித்துப் புதுப் பக்கம். பிறகு கிளீனர். கடைசியாக, தண்ணீரும் வெள்ளை வினிகரும் சம பங்கு கலந்து நன்றாகப் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு, அதன்மேல் வெறும் ஈரத்துணி. பூஞ்சை தின்பது தோலை விட அதன்மேல் படிந்த வியர்வையையும் எண்ணெயையும்தான், ஆகவே நிறுத்தி வைப்பதற்கு முன் சீட்டைச் சுத்தம் செய்துவிட்டு நிறுத்தினால் பாதிப் பிரச்சினை வராது.

வெள்ளத் தண்ணீர் சீட் வரை ஏறியிருந்தால் இது எதுவும் பொருந்தாது. எதையும் துடைப்பதற்கு முன் போட்டோ எடுங்கள், வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லுங்கள்.

கலர் போட வேண்டிய நிலைக்கு வந்துவிட்டதென்றால்

சீட் கவர் கடையில் முழுத் துணியும் மாற்றிவிடலாம் என்பார்கள், அவசரப்படாதீர்கள், அதிலும் முன் சீட்டில் ஏர்பேக் வெடித்து வெளிவருகிற தையலை அவர் எப்படித் தைப்பார் என்பது ஒரு கேள்வி. ஒரு சின்னத் திட்டுக்கு லெதர் கலர் போடுகிறவரே போதும். அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: கலர் போடுவதற்கு முன் எண்ணெய் எடுப்பாரா, உங்கள் சீட்டின் நிறத்துக்குக் கலந்து எடுப்பாரா, மேலே பூச்சு அடிப்பாரா. மூன்றாவதற்கு அவர் இழுத்தால் வேறு ஆளைப் பாருங்கள், பூச்சில்லாத கலர் உங்கள் சட்டைக்கு வந்துவிடும். முடிந்த பிறகு ஒரு நாளாவது யாரும் உட்காராமல் காயவிடுங்கள். கிளீனர், கண்டிஷனர் எதுவும் அவர் சொல்கிற நாள் வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.